யார் முதலில் சொன்னது

அத்தான் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா தங்கையின் வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்க விடாமல் கைபேசியை மேசை நடுவில் வைத்து, "பேசாம கேளு. முழுசா கேட்டுட்டு அப்புறம் வாயைத் திற," என்றாள்.

முதலில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண்ணின் குரல். அவசரமே இல்லாத, வெதுவெதுப்பான குரல்.

"ஒரு ஆம்பளை உங்க பக்கத்துல நிக்கிறார். கையில கறை. எண்ணெயா, கிரீஸா, ஏதோ கறுப்பா. உயரமான இடத்துல வேலை பார்த்தவரா?"

"ஆமா," என்றது அக்காவின் குரல், பாதி உடைந்து.

தங்கைக்குக் கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. அத்தான் லிஃப்ட் பழுது பார்ப்பவர். முப்பது வருடம் ஊரிலுள்ள மாடிக் கட்டடங்களிலெல்லாம் ஏறி இறங்கியவர். ஒரு நாள் காலையில் வேலைக்குப் போன கட்டடத்தின் நாலாவது மாடிப் படியில் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

பதிவு நாற்பது நிமிடம் ஓடியது. முடிந்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "குழாய் விஷயம் வரைக்கும் சொல்லிட்டாங்க டி. அன்னிக்குக் காலையில எங்களுக்குள்ள குழாய்ச் சண்டைன்னு அவங்களுக்கு யார் சொன்னது? நான் உன்கிட்டகூடச் சொல்லலையே!"

ஜனங்கள் அந்த அம்மாளைக் குரலம்மா என்றுதான் சொன்னார்கள். சலவைக்கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறை எடுத்திருந்தாள். போனவர்களின் குரலைக் கேட்டுச் சொல்வாள் என்று பேச்சு. வருகிறவர்கள் பேச்சைப் பதிவு செய்துகொள்ள அவளே சொல்வாளாம். அதைவிட நம்பிக்கைக்கு என்ன வேண்டும் என்று அக்கா கேட்டாள். தங்கையும் அதைத்தான் நினைத்தாள். ஏமாற்றுகிறவள் எங்காவது தன் பேச்சைத் தானே பதிவு பண்ணச் சொல்வாளா?

தங்கைக்கும் அந்தக் குரல் தேவைப்பட்டது. பன்னிரண்டு வயதில் அப்பா அம்மா இருவரும் ஒருவர் பின் ஒருவராய்ப் போய்ச் சேர்ந்தபோது, கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத அக்கா வீட்டுக்கு ஒற்றைப் பெட்டியோடு வந்தவள் அவள். அத்தான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சாயங்காலம் ஏதாவது மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். அவள் எதிரில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். "ரேடியோ, சவுண்டைக் குறைக்காதே, நல்லா இருக்கு" என்பார். அவள் கடைசிவரை அவருக்கு ரேடியோதான்.

அப்படி வாயாடியாக இருந்தவளுக்குக் கிடைத்தது வாயே திறக்காத வேலை. நீதிமன்ற வாக்குமூலங்கள், மருத்துவர்களின் குறிப்புகள், விபத்து விசாரணைகள் என்று வருகிற ஒலிப்பதிவுகளைக் காதில் மாட்டிக் கேட்டு, ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து கொடுப்பது. அலுவலகத்தில் வரிசையாக ஆறு சிறு அறைகள், கூண்டு என்பார்கள். மேசைக்குக் கீழே ஒரு மிதி. கால் விரலால் அழுத்தினால் பேச்சு ஓடும், குதிகாலால் அழுத்தினால் ஐந்து விநாடி பின்னால் போகும். இருமினால் இருமல் என்று எழுத வேண்டும். அழுதால் அழுகை என்று எழுத வேண்டும். பத்தொன்பது வருடத்துக்கு முன் அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்த மேற்பார்வையாளர் அம்மாள் முதல் நாளே சொன்னது: "கேட்டதை எழுது. கேட்கணும்னு நீ ஆசைப்பட்டதை எழுதாதே."

அடுத்த வாரம் அக்காவோடு அவளும் மாடி ஏறினாள்.

முன்னறையில் ஆறு நாற்காலிகள், ஒரு தண்ணீர்க் குடம்போன்ற பிளாஸ்டிக் ஜாடி, சுவரில் கடல் படம். கீழே சலவைக்கடையின் நீராவி வாசனை தரை வழியாக ஏறி வந்தது. வரவேற்பில் இருந்த பெண் எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்கக்கா, இப்ப தூக்கம் வருதா? இவங்க யாரு, தங்கச்சியா? ஜாடை அப்படியே இருக்கே!" சொந்தக்காரப் பெண் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். தங்கை என்ன வேலை பார்க்கிறாள், யார் யார் வீட்டில், எல்லோரும் இதை நம்புகிறார்களா என்று விசாரித்தாள். அப்புறம் பெயர்ச் சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரம் கழித்துத்தான் கூப்பிட்டார்கள்.

தங்கைக்கு வேலைப் பழக்கம். எந்தப் பேச்சுக்கும் முன்னாலேயே பதிவை ஓட விட்டுவிடுவாள். நாற்காலியில் உட்கார்ந்தபோதே கைபேசியில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அதை அவளே கவனிக்கவில்லை.

குரலம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நகையில்லை, ஆடம்பரமில்லை, ஒரு பள்ளிக்கூட ஆசிரியை மாதிரி இருந்தாள். கண்ணை மூடவில்லை. எதிரில் இருப்பவரின் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல் மெல்லப் பேசினாள். அரை மணி நேரத்தில் தங்கை விக்கி விக்கி அழுதாள். வெளியே வந்து படியில் அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ரேடியோன்னு சொன்னாங்கக்கா. அத்தானைத் தவிர வேற யாருக்குத் தெரியும்?" என்றாள்.

மறுநாள் அலுவலகத்தில் அதை அடக்க முடியவில்லை. அடுத்த கூண்டுக்காரர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர், எதையும் கிண்டல் பண்ணுகிறவர். அன்று கிண்டல் பண்ணவில்லை. அம்மா இறந்த துக்கத்தில் இருந்தார். "அந்த நம்பரைக் குடுங்க மேடம்" என்றார். அவளே எழுதிக் கொடுத்தாள்.

குரலம்மா அந்த அமர்வில் சொன்னவற்றில் இன்னொன்றும் இருந்தது. அக்கா வீட்டில் "இளையவ ஒருத்தி" தடையாக நிற்கிறாளாம். அவள் நம்பாததால்தான் அத்தானின் குரல் தெளிவாக வரவில்லையாம். தடையை விலக்க இன்னும் ஏழு முறை வர வேண்டும், முன்பணம் கட்ட வேண்டும், அதுவரை அந்த இளையவளிடம் எதையும் பேசக் கூடாது. அக்காவுக்கு ஒரே மகள். மருத்துவமனை ஒன்றில் எலும்பு முறிந்து தேறுகிறவர்களுக்கு உடற்பயிற்சி கொடுக்கிறவள். "அம்மா, அப்பாவோட ஷூவைக்கூட நீ இன்னும் வாசல்லேர்ந்து எடுக்கல, உனக்குப் பேச ஆள் வேணும்னா நான் இருக்கேன்" என்று முதல் நாளே சண்டை போட்டவள். குரலம்மா யாரைச் சொல்கிறாள் என்று அக்காவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மகள் தொலைபேசியில் கூப்பிட்டால் எடுப்பதை நிறுத்தினாள். அவள் நேரில் வந்தபோது கதவைத் திறந்துவிட்டு ஒரு பேச்சும் பேசாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

தங்கைக்கு அது நெருடியது. ஆனாலும் ரேடியோ என்ற அந்தச் சொல் எல்லா நெருடலையும் மூடிவிட்டது.

அவள் அந்த இரண்டு பதிவுகளையும் தட்டச்சு செய்ய உட்கார்ந்தது சந்தேகத்தால் இல்லை. அத்தானின் பேச்சை நல்ல தாளில் அச்சடித்து, தைத்து, அக்காவுக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்று ஆசை. மதிய இடைவேளையில் கூண்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். பேசுகிறவர்களுக்கு முதலில் அடையாளம் வைக்க வேண்டும், அதுதான் முறை. குரலம்மாவுக்குக் 'கு'. அக்காவுக்கு 'அ'. தனக்குத் 'த'. அத்தான் பேசுகிற இடத்துக்கு என்ன போடுவது? கொஞ்சம் யோசித்து, முழுசாகவே 'அத்தான்' என்று வைத்தாள்.

அக்காவின் பதிவில் பதினோராவது நிமிடம். அவள் தட்டினாள்.

கு: 'ர'வுல ஆரம்பிக்கிற பேர் யாராவது?
அ: இல்லையே.
கு: 'ச'வா இருக்கலாம்.
அ: ம்ஹூம்.
கு: பரவாயில்ல, அது அப்புறம் புரியும். தண்ணி காட்டுறார். ஆறு, கடல்?
அ: இல்ல.
கு: தண்ணின்னா எதுவா வேணா இருக்கலாம். மழை, குழாய்...
அ: குழாயா? அன்னிக்குக் காலையில குழாய்க்குத்தான் எங்களுக்குள்ள சண்டை!
கு: அதைத்தான் சொல்றார். குழாய்ச் சண்டையைத்தான் சொல்றார்.

குதிகாலை அழுத்தினாள். ஐந்து விநாடி பின்னால். மறுபடி கேட்டாள். எத்தனை தடவை மிதித்தாலும் 'சண்டை' என்ற சொல் அக்காவின் வாயிலிருந்துதான் முதலில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை இதே பதிவை அவள் காது கொடுத்துக் கேட்டாளே! 'ர' இல்லை, 'ச' இல்லை, ஆறு இல்லை, கடல் இல்லை என்பதெல்லாம் அன்று எங்கே போயிற்று? காதுக்குள் நுழைந்திருக்கும், மனசு வாசலிலேயே நிறுத்தி அனுப்பியிருக்கும். குழாயை மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறது.

தன் பதிவைத் திறக்கப் பயமாக இருந்தது. இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். மூன்றாம் நாள் திறந்தபோது, அது முன்னறையிலிருந்தே ஓடியிருப்பது தெரிந்தது. வரவேற்புப் பெண்ணின் குரல்: "வீட்டுல எல்லாரும் நம்புறாங்களாக்கா?" அக்காவின் குரல்: "என் பொண்ணு ஒருத்திதான் திட்டிக்கிட்டே இருக்கா." பிறகு நாற்காலி நகரும் சத்தம். கதவு திறக்கும் சத்தம். நாலு நிமிடம் வெறும் நீராவி இரைச்சல். மறுபடி கதவு. உள்ளே போய் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் 'இளையவ ஒருத்தி' வந்துவிட்டாள்.

அதற்கும் பிறகு இருபத்திரண்டாவது நிமிடம். இதற்காகத்தான் இவ்வளவும் என்று விரலால் மிதியை அழுத்தினாள்.

கு: உங்களுக்கு ஒரு செல்லப் பேர் இருக்கு. சிரிச்சுக்கிட்டே கூப்பிடறார். சின்னப் பேர்தான்... சொல்லுங்க, அவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார்?
த: (அழுகை) ரேடியோ.
கு: ரேடியோ. ஆமா. ரேடியோன்னுதான் கூப்பிடறார்.

காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். முகம் ஜிவ்வென்று சுட்டது. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாளே, அவங்களே ரேடியோன்னு சொன்னாங்க என்று! பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. சத்தியமாக அப்படித்தான் நடந்ததென்று நினைத்திருந்தாள். நாற்காலியில் அழுதுகொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களில் யாரோ வந்து ஞாபகத்தை மாற்றி வைத்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது. யாரும் வரவில்லை. மாற்றியது அவளேதான்.

தாளைப் புரட்டினாள். நாற்பத்தாறு பக்கம். அத்தான் என்று அவள் ஒதுக்கி வைத்த பெயருக்கு எதிரில் ஒரு வரிகூட விழுந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனாள். அவசரப்பட்டது தப்பு என்று பிற்பாடு புரிந்தது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலைந்து பக்கம் பொறுமையாகப் படித்தாள்.

"இதோ, குழாய்னு இருக்கே. அவங்கதானே முதல்ல குழாய்னாங்க?"

"அக்கா, அதுக்கு முன்னால ஆறு, கடல், மழைன்னு எல்லாத்தையும் சொல்லிப் பார்க்கிறாங்க. சண்டைன்னு சொன்னது நீ."

"பேப்பர்ல அடிச்சா எதுவுமே இப்படித்தான் தெரியும். நேர்ல நீயும்தானே அழுதே?"

"அழுதேன். அதான்கா பயமா இருக்கு."

அக்கா தாள்களை அடுக்கி, ஓரம் சரியாகத் தட்டி, அவள் மடியில் திருப்பி வைத்தாள். "அவங்க அப்பவே சொன்னாங்க, இளையவ ஒருத்தி தடுப்பாள்னு. நான் என் பொண்ணைத்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன்." கண்ணாடியைக் கழற்றினாள். "நீயும் இளையவதானே."

தங்கை மடியிலிருந்த தாள்களைப் பார்த்தாள். எந்த வீட்டில்தான் இளையவள் ஒருத்தி இல்லை? அந்த ஒரு சொல்லை எந்தக் கதவில் வேண்டுமானாலும் மாட்டலாம். ஆனால் அதை இப்போது சொன்னால், சொல்கிற வாயே அந்த இளையவளின் வாயாகிவிடும். எழுந்து வந்துவிட்டாள்.

பத்து நாள் அக்காவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தங்கை கூண்டுக்குள் உட்கார்ந்து யார் யாருடைய வாக்குமூலத்தையோ தட்டிக்கொண்டிருந்தாள். மனசு மட்டும் அந்த மாடி அறையையே சுற்றியது. குரலம்மாவை வில்லியாக நினைத்துப் பார்த்தாள், முழுசாக ஒட்டவில்லை. இத்தனை மாதத்தில் அக்காவின் முகத்தை அரை மணி நேரம் கண்ணெடுக்காமல் பார்த்து, அத்தானைப் பற்றிப் பேச விட்டவர் வேறு யார்? வந்தவர்கள் எல்லாம் "மனசைத் தேத்திக்கோ" என்று பேச்சை மாற்றினார்கள். தானும்தான் மாற்றினாள். அந்த அம்மாளும் கேட்கிற தொழில்காரிதான். என்ன, கேட்டதை வாங்கி, துடைத்து, செத்தவர் பெயரைப் போட்டு, கொடுத்தவரிடமே திருப்பி விற்கிறாள். அதற்கு நடுவில் ஒரு தாயையும் மகளையும் வெட்டிவிடவும் தயங்கவில்லை. அதை நினைத்தபோதுதான் கோபம் உருப்படியாக வந்தது.

பதினோராவது நாள் அக்காவைக் கூப்பிட்டாள்.

"உன்கூட வாதாட வரலக்கா. அந்தப் பேப்பரை நானே எடுத்து வெச்சுட்டேன். ஒரே ஒரு உதவி பண்ணு. அடுத்த தடவை போறப்ப நீ பேசாதே. வெளியே அந்தப் பொண்ணுகிட்டயும் சரி, உள்ளேயும் சரி. கேட்டா சொல்லுங்கன்னு மட்டும் சொல்லு. தலைகூட ஆட்டாதே. அத்தான்தானே வந்து பேசறார்? அவர் பேசட்டுமே."

அக்கா ஜெயிக்கப்போகிறவளின் தெம்போடு சொன்னாள்: "அவ்வளவுதானே? நீயும் வா. வந்து பார்த்துட்டு வாயை மூடிக்கோ."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மாடி ஏறினார்கள். முன்னறையில் ஓர் ஆள் மட்டும் காத்திருந்தார். மடியில் ஒரு பெண்ணின் கம்பளிச் சால்வை, நாலாக மடித்து. வரவேற்புப் பெண் ஓடி வந்தாள். "வாங்கக்கா! பொண்ணு ஏதாவது பேசினாளா? உடம்பு எப்படி இருக்கு?" அக்கா புன்னகைத்தாள். "தண்ணி குடுங்க" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே குரலம்மா எப்போதும்போல் தொடங்கினாள். "இன்னிக்கு அவர் சீக்கிரமே வந்துட்டார். ஏதோ ஒரு தேதியைச் சொல்றார். இந்த மாசத்துல ஏதாவது முக்கியமான நாள்?"

"சொல்லுங்க," என்றாள் அக்கா.

"கல்யாண நாள் மாதிரி... இல்ல, பிறந்த நாள்?"

"சொல்லுங்க."

குரலம்மாவின் கண் அக்காவின் முகத்தில் அங்குமிங்கும் மேய்ந்தது. கதவு எங்கே என்று சுவரைத் தடவுகிற கை மாதிரி. "அவரோட பொருள் ஒண்ணு வீட்டுல வெளியிலேயே இருக்கு. நீங்க எடுத்து வைக்கல." பொதுவான பேச்சுத்தான். ஆனாலும் வாசலில் இருக்கும் ஷூ தங்கைக்கு நினைவு வந்தது. அக்காவின் விரல்கள் ஒன்றோடொன்று இறுகின. முகம் அசையவில்லை.

"கடிகாரமா... கண்ணாடியா... அவர் தெளிவா காட்ட மாட்டேங்கிறார்."

காத்திருந்தார்கள். கீழே இஸ்திரி இயந்திரம் உஸ்ஸென்று மூச்சு விட்டது. தான் வந்த போன தடவையும் சரி, அக்காவின் பதிவிலும் சரி, இந்த அறையில் மௌனம் இருந்ததே இல்லை என்பது தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. அதை எப்போதும் அவர்கள் இரண்டு பேருமே நிரப்பியிருக்கிறார்கள்.

அக்காதான் வாயைத் திறந்தாள். ஒப்புக்கொண்டதை மீறிவிட்டாளே என்று தங்கைக்குத் திக்கென்றது. ஆனால் அக்கா கேட்டது வேறு.

"நான் அன்னிக்குக் காலையில அவர்கிட்ட கடைசியா ஒண்ணு சொன்னேன். அது என்னன்னு அவரைச் சொல்லச் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்."

"வருத்தமான வார்த்தை," என்றாள் குரலம்மா.

"ஆமா இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். என்ன வார்த்தை?"

குரலம்மாவின் முதுகு நிமிர்ந்தது. வெதுவெதுப்பு குரலிலிருந்து இறங்கிவிட்டது. "நீங்க சோதிக்கிறீங்க. சோதிச்சா வழி அடைச்சுக்கும். இவங்களைக் கூட்டிட்டு வந்தப்பவே எனக்குத் தெரியும்." தங்கையைப் பார்த்து மோவாயை நீட்டினாள். "அவர் ரொம்பக் கோபமா இருக்கார். அன்னிக்கும் உங்க மேல கோபமாத்தான் போனார். இப்பவும் அதே கோபத்துல பேசறார். நான் என்ன பாவம் பண்ணேன், என்னை இப்படிச் சோதிக்கிறாளேன்னு கேக்கறார். என்னை நம்பாதவ எனக்கு வேண்டாம்னு சொல்றார்..."

தங்கை அக்காவின் பக்கம் திரும்பப் பயந்தாள். கத்தியை எங்கே செருகினால் வலிக்கும் என்று பார்த்துத்தான் குரலம்மா செருகியிருக்கிறாள். ஆனால் அக்கா அழவில்லை. வழி கேட்ட இடத்தில் வேறு ஏதோ தெருப்பெயர் பதிலாகக் கிடைத்தவள் மாதிரி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"கோபமா இருக்காரா?"

"ரொம்ப."

"கோபத்துல இவ்வளவு பேசறாரா?"

குரலம்மாவின் பார்வை கதவுப் பக்கம் போனது.

"அவருக்குக் கோபம் வந்தா பேச மாட்டார்மா," என்றாள் அக்கா மெதுவாக. "முப்பது வருஷம். ஒரு நாள்கூட கோபத்துல வாயைத் திறந்ததில்ல. ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கிட்டு எதையாவது பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்துடுவார். நீங்க சொல்ற ஆள் யாரோ. எனக்குத் தெரியல." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வா, போகலாம்."

வரவேற்புப் பெண் அடுத்த தேதியைக் கேட்டபடி பின்னாலேயே வந்தாள். மீதி அமர்வுகளின் முன்பணம் திரும்ப வராது என்றும் சொன்னாள். அக்கா சரி என்றாள். சால்வைக்காரர் எழுந்து உள்ளே போகத் தயாராக நின்றார். அக்கா அவர் முன்னால் போய் நின்று, "உள்ளே போய் எதுவும் சொல்லாதீங்க. நீங்க சொல்லாதது ஒண்ணாவது வருதான்னு பாருங்க," என்றாள். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். சால்வையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. அவர் வாயைத் திறந்தாரா மூடினாரா என்பது இவர்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

படியில் பாதி இறங்கியதும் அக்கா உட்கார்ந்துவிட்டாள். தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க வீட்டுக்கு வந்தா என்ன, வராட்டி என்னன்னு சொன்னேன் டி. ஊர்ல இருக்கிற லிஃப்டெல்லாம் ஓடுது, நம்ம வீட்டுக் குழாய் ஒழுகுது, நீங்க வந்தா என்ன வராட்டி என்னன்னு. அவர் ஒண்ணும் பேசாம ஷூவை... வாசல்ல இருக்கே, அந்த ஷூ வேண்டாம்னு பழசைப் போட்டுக்கிட்டுப் போயிட்டார்." மூச்சை இழுத்து விட்டாள். "மன்னிச்சுட்டேன்னு அவர் ஒரு வார்த்தை சொன்னா போதும்னுதான் போனேன். அதுக்கு அவங்களுக்கு முதல்ல அந்த வார்த்தை தெரியணும் இல்ல?"

ஆறுதலாக ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று தங்கைக்கு நாக்கு துடித்தது. சொல்லவில்லை. அக்கா பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். சலவைக்கடைக்காரர் துணி மூட்டையோடு வந்து, வழி விடச் சொல்லத் தயங்கி நின்றபோதுதான் எழுந்தார்கள்.

அலுவலகத்தில் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. அடுத்த கூண்டுக்காரரிடம் போய், தான் சொன்னது தப்பு, ரேடியோ என்று சொன்னது தானேதான் என்று ஒப்புக்கொண்டாள். அந்தப் பக்கத்தையும் காட்டினாள். அவர் இரண்டு தரம் படித்தார்.

"நாளைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேனே மேடம்."

"உங்க இஷ்டம். போனா வாயைத் தைச்சுக்கிட்டுப் போங்க."

"அம்மாகிட்ட கேக்க ஒண்ணுமில்ல," என்றார். "சும்மா, சாப்பிட்டியாடான்னு கேட்டா நல்லாருக்கும்னு." தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கூண்டுக்குள்ளிருந்தே குரல் கொடுத்தார்: "எங்கம்மா சொல்ற மாதிரி சொல்லணும்னா, அந்தக் குரலம்மாவுக்குத் திட்டவும் தெரியணும். அதை நான் சொல்லிக் குடுக்க முடியாது." அவர் போகவில்லை.

மகள் விஷயம்தான் அக்காவுக்கு மலைப்பாக இருந்தது. ஒன்றரை மாதம் தான் முகம் கொடுக்காமல் இருந்தவளிடம் எந்த முகத்தோடு போவது? தொலைபேசியை எடுப்பாள், வைப்பாள். கடைசியில் ஒரு திங்கட்கிழமை மகள் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கே போனாள். மகளைப் பார்க்க வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்ததோ என்னவோ, வரிசையில் சீட்டு வாங்கிக்கொண்டு, கட்டுப்போட்ட கால்களுக்கும் ஊன்றுகோல்களுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து எண்ணைக் கூப்பிட்டார்கள். திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள் மகள். அப்புறம், எல்லா நோயாளியிடமும் கேட்கிற அதே தொனியில், ஆனால் உதடு நடுங்க, "எங்கே வலிக்குதும்மா?" என்றாள்.

இதையெல்லாம் மகள்தான் சித்தியிடம் பிறகு சொன்னாள். அம்மா அந்த நீளமான கட்டிலில் கால் தொங்க உட்கார்ந்து, படியில் சொன்ன அதே வார்த்தையைத் தன்னிடமும் சொன்னதாக. அப்பா கோபமாக இருந்தாரா என்று கேட்டதாக.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டாள் தங்கை.

"கோபமாத்தான் இருந்திருப்பார்னேன். எனக்கே இருந்திருக்கும். சாயங்காலம் வந்து குழாயைப் பிரிச்சுப் போட்டிருப்பார், நீ திட்டிக்கிட்டே டீ போட்டிருப்பே, சரியாப் போயிருக்கும். சாயங்காலம் வரல, அவ்வளவுதான்மான்னு சொன்னேன்." மகள் மூக்கை உறிஞ்சினாள். "இல்லம்மா, அவர் கோபமே படலன்னு சொல்லியிருக்கலாமோ சித்தி?"

"சொல்லியிருந்தா அக்கா நம்பியிருக்க மாட்டா."

அந்தப் பதிலைக் கேட்டு அக்கா அழுதாள் என்று மகள் சொன்னாள். அடுத்த எண்ணைக் கூப்பிட்ட பிறகும் கட்டிலை விட்டு இறங்காமல் அழுதாளாம். வெளியே காத்திருந்த நோயாளிகள், பாவம் என்ன வலியோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். பிறகு முகம் கழுவி, மகளின் வேலை முடியும்வரை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, இருவருமாகப் பேருந்தில் வீடு திரும்பினார்கள். வழியெல்லாம் அக்காதான் பேசினாளாம்.